டைல்ஸில் கிளேஸ் ஓவியம்: மதுரையில் இருந்துகொண்டு தொடங்க ஒரு வழி

டைல்ஸில் படம் வரையக் கற்றுக்கொள்ள வருபவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "சூளை என்ன விலைக்கு வரும்?" என்பதுதான். அதை இன்னும் ஒரு வருடத்துக்குக் கேட்க வேண்டாம் என்பேன். முதலில் வாங்க வேண்டியவை மூன்றே: கெட்டி அட்டை போட்ட இருநூறு பக்க நோட்டு, 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு, ஒரு பெட்டி வெள்ளைச் சுவர் டைல்ஸ். என் பட்டறையில் தீப்பிடித்தால் நான் முதலில் தூக்கிக்கொண்டு ஓடுவது அந்த நோட்டைத்தான்.

எங்களுடையது போர்டு எழுதும் குடும்பம். அப்பா மாசி வீதிகளில் கடைப் பலகையும் சுவர் விளம்பரமும் எழுதினார். பிரஷ் பிடிக்க அவர்தான் சொல்லிக்கொடுத்தார். பிளக்ஸ் வந்த பிறகு அந்த வேலை கண்முன்னே கரைந்துபோனது. அந்தக் கையோடு டைல்ஸுக்கு வந்தேன். கை உதவியது, கண் உதவவில்லை. அது ஏன் என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

பெயிண்ட் காயும், கிளேஸ் உருகும்

பெயிண்டில் டப்பாவில் தெரியும் நிறம்தான் சுவரில் வரும். கிளேஸ் அப்படியில்லை. கிளேஸ் என்பது அடிப்படையில் கண்ணாடி. ஒருமுறை உருக்கி, ஆறவைத்து, அரைத்த கண்ணாடித் தூளை ஃப்ரிட் என்பார்கள். அதனுடன் கொஞ்சம் சீனக்களிமண், நிறத்துக்கு ஓர் உலோகச் சேர்மம், தண்ணீர். இவ்வளவுதான். பூசும்போது அது சாயம்போன சுண்ணாம்பு போல இருக்கும். சூளையில் உருகி டைலோடு ஒட்டிய பிறகுதான் நிறம் பிறக்கும்.

கோபால்ட் கார்பனேட் பார்க்க இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த தூள், சுட்டால் நீலம். சிவப்பாக இருக்கும் இரும்பு ஆக்சைடு, கிளேஸுக்குள் போனால் தேன் நிறத்திலிருந்து பழுப்பு வரை எதுவாகவும் மாறும். தாமிரக் கார்பனேட் பச்சை தரும். மாங்கனீசு, கத்தரிப்பூ கலந்த பழுப்பு தரும். எவ்வளவு போட்டோம், எவ்வளவு தடிமனாகப் பூசினோம், எத்தனை டிகிரியில் சுட்டோம் என்ற மூன்றில் எது மாறினாலும் நிறம் மாறும். அதனால் இங்கே கண்ணை நம்பி நிறம் கலக்க முடியாது. எடைபோட்டு, எழுதிவைத்து, சுட்டுப் பார்த்து, மறுபடி எழுத வேண்டும். இதற்குப் பொறுமை உண்டா என்று உங்களையே கேட்டுக்கொண்டு மேலே படியுங்கள்.

எது இந்த வேலை, எது வேறு வேலை

நம் ஊர்ப்பக்கம் இதில் பெரிய குழப்பம் உண்டு. ஆத்தங்குடிக் கல் கிளேஸ் வேலை அல்ல. அது சிமென்ட், மணல், ஆக்சைடு நிறங்களைக் கண்ணாடித் தகட்டின் மேல் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. அருமையான கலை, ஆனால் அதில் நெருப்புக்கு இடமில்லை. சாமி படம் போட்டுக் கடையில் கிடைக்கும் டைல்ஸ் பெரும்பாலும் தொழிற்சாலையில் இயந்திரம் அச்சிட்டவை. அக்ரிலிக்கிலோ எனாமல் பெயிண்டிலோ டைல் மேல் வரைந்தால் அழகாகத்தான் இருக்கும்; நாலு முறை தேய்த்துக் கழுவினால் உரியத் தொடங்கும்.

கிளேஸில் செய்த நல்ல வேலையைப் பார்க்க ஒருநாள் காரைக்குடிப் பக்கம் பஸ் ஏறுங்கள். பழைய செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களில் ஜப்பானிய மஜோலிக்கா டைல்ஸ் இன்னும் இருக்கின்றன. 1920, 30களில் இந்தியாவுக்கென்றே ஜப்பானில் செய்து கப்பலில் அனுப்பியவற்றில் ரவிவர்மா படங்களைத் தழுவிய தெய்வ உருவங்களும் உண்டு. அனுமதி கேட்டு, பக்கத்தில் போய், பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி நின்று பாருங்கள். கோடுகள் மெல்லிய வரப்பு போல எழும்பி நிற்கும். ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு நிறக் கிளேஸ் தேங்கியிருக்கும். பள்ளத்தில் தடித்த இடம் அடர்த்தியாகவும், மேட்டில் மெலிந்த இடம் வெளிறியும் இருக்கும். அச்சிட்ட டைலில் இந்த ஆழம் வராது. வாடிக்கையாளர் "கடையில் இதைவிட மலிவாகக் கிடைக்குதே" என்று சொல்லும் நாளில் நீங்கள் காட்ட வேண்டியது இந்த ஆழத்தைத்தான்.

முதல் படி: சுட்ட டைலின் மேல் வரைவது

தொடங்குபவர்களுக்கு ஏற்றது ஆன்கிளேஸ் முறை. கடையில் விற்கும் பளபளப்பான வெள்ளைச் சுவர் டைல் மேல் ஆன்கிளேஸ் நிறங்களால் (குறைந்த சூட்டிலேயே உருகி ஒட்டும் நிறத்தூள்கள்) வரைந்து, 750 முதல் 800 டிகிரியில் சுடுவது. டைல் ஏற்கெனவே 1,000 டிகிரிக்கு மேல் சுட்டது என்பதால் இந்தச் சூட்டை எளிதாகத் தாங்கும். கடையில் கேட்கும்போது "வால் டைல்ஸ்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். தரைக்குப் போடும் விட்ரிஃபைடு டைல்ஸ் மறுபடி சுட்டால் விரிசல் விடும், சில சமயம் உப்பும். ஆறு அங்குலம் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் பெரியதை வாங்கிக் கடையிலேயே வெட்டித்தரச் சொல்லலாம்.

டைலைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டில் துடையுங்கள். விரல் ரேகையின் எண்ணெய்ப் பசைகூட நிறத்தை விலக்கிவிடும். படத்தைத் தாளில் வரைந்து, கோட்டின் மேல் ஊசியால் நெருக்கமாகத் துளையிட்டு, டைல் மேல் வைத்துக் கரித்தூள் மூட்டையால் தட்டுங்கள். போர்டு எழுதுபவர்கள் காலம்காலமாகச் செய்யும் வேலைதான் இது. கரி சூளையில் எரிந்து போய்விடும், சுவடே இருக்காது.

நிறத்தூளை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் கொட்டி, கிளிசரினும் தண்ணீரும் கலந்தோ, இதற்கென்று விற்கும் எண்ணெயிலோ, தட்டைக் கத்தியால் மையாகக் குழையுங்கள். பற்பசை பதம் வந்ததும், பிரஷுக்கு ஏற்ப இளக்கிக்கொள்ளலாம். மெல்லியதாகப் பூசுங்கள். தடித்த இடம் சூட்டில் உரிந்து எழும்பும். அடர்த்தி வேண்டுமென்றால் ஒருமுறை சுட்டு, அதன்மேல் இன்னொரு பூச்சுப் பூசி, மறுபடி சுட வேண்டும். அவசரப்பட்டு ஒரே பூச்சில் முடிக்கப் பார்ப்பதுதான் புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் தவறு.

சுடுவதற்கு எங்கே போவது? மதுரையில் மண்பாண்ட வகுப்பு எடுப்பவர்கள், கலை சொல்லித்தரும் பள்ளிகள் என்று விசாரித்தால் சின்ன மின்சூளை வைத்திருப்பவர்கள் யாராவது அகப்படுவார்கள். தட்டுக்கு இவ்வளவு என்று வாடகை பேசிக்கொள்ளுங்கள். சின்னச் சோதனைத் துண்டுகளுக்கு, பொறியியல் கல்லூரி ஆய்வகத்தின் மஃபிள் ஃபர்னஸ் என்ற சின்ன மின்உலை போதும். தெரிந்த பேராசிரியர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். வெட்கப்படாதீர்கள், நானும் அப்படித்தான் தொடங்கினேன். முறையாகப் படிக்க நினைப்பவர்களுக்கு, சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் பீங்கான் கலைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பேர்போன ஊர். அங்கே தொழில்நுட்பப் படிப்பும் உண்டு, பொருள் வாங்கவும் விசாரிக்கலாம். புதுச்சேரியில் 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற பீங்கான் பட்டறையில் கற்றவர்கள் நாடு முழுக்கப் பட்டறை வைத்திருக்கிறார்கள். அவர்கள் யாரிடமாவது சில வாரம் உதவியாளராக இருக்க இடம் கிடைத்தால் விடாதீர்கள்.

நோட்டு

டைலை இரண்டு அங்குலச் சதுரங்களாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் ஒரு சோதனை. நிறத்தை மூன்று பட்டையாகப் பூசுங்கள்: ஒரு பூச்சு, இரண்டு பூச்சு, மூன்று பூச்சு. பின்பக்கம் இரும்பு ஆக்சைடைத் தண்ணீரில் குழைத்து எண் எழுதுங்கள். பேனா, மார்க்கர், பென்சில் எல்லாம் சூளையில் எரிந்துபோகும், இரும்பு நிற்கும். நோட்டில் அதே எண்ணுக்கு நேராக எடை, பூச்சு, சூளைத் தட்டின் இடம், உச்ச வெப்பம், அதில் எத்தனை நிமிடம் நிறுத்தினீர்கள் என்று எழுதுங்கள். தட்டின் இடம் ஏன் என்றால், சின்னச் சூளையில்கூட மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் 20, 30 டிகிரி வித்தியாசம் வரக்கூடும்.

சரியாக வராத துண்டைத் தூக்கி எறியாதீர்கள். என்னிடம் இருக்கும் நல்ல மீன்கொத்தி நீலம், வேறொரு பச்சைக்குப் போட்ட கணக்குத் தப்பியதில் வந்தது. எண் எழுதியிருந்ததால் அதை மறுபடி செய்ய முடிந்தது. எண் எழுத மறந்த ஒரு சாம்பல் நிறமும் உண்டு. அதை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாம் படி: கோடு கட்டி கிளேஸ் ஊற்றுவது

ஆன்கிளேஸில் கை பழகியதும் இதற்கு வாருங்கள். என் மனசுக்கு நெருக்கமான முறை இதுதான். ஸ்பெயினில் இதைக் குவெர்தா செகா என்பார்கள். உலர்ந்த கயிறு என்று பொருள். மாங்கனீசு டை ஆக்சைடைக் கொஞ்சம் ஆளிவிதை எண்ணெயில் குழைத்து, அதனால் படத்தின் கோடுகளை வரைகிறோம். கிளேஸில் தண்ணீர் இருக்கிறது, கோட்டில் எண்ணெய் இருக்கிறது. அதனால் கிளேஸ் கோட்டைத் தாண்டாமல் தன் பாத்திக்குள் நிற்கும். சூளையில் எண்ணெய் எரிந்து, மாங்கனீசு மட்டும் கறுத்த கோடாகத் தங்கும்.

இது நம் ஊர்க் கண்ணுக்கு ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அழகர்கோயில் வசந்த மண்டபத்தில் நாயக்கர் காலத்து ராமாயண ஓவியங்களைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டால் போய்ப் பாருங்கள். கறுத்த கோடு, அதற்குள் நிழல் இல்லாத தட்டையான நிறம். கோடு கட்டிக் கிளேஸ் ஊற்றும் முறை கேட்பதும் அதையேதான். மேல்நாட்டுப் படம் போல ஒளி நிழல் காட்ட இதில் மல்லுக்கட்ட வேண்டாம்.

கிளேஸ் கலவை இப்படி: போரான் சேர்ந்த, ஈயம் இல்லாத ஃப்ரிட் 90 கிராம், சீனக்களிமண் 10 கிராம். இது தெளிவான கிளேஸ். வெள்ளை வேண்டுமென்றால் இதனுடன் சிர்கோனியம் சிலிகேட் 10 முதல் 12 கிராம். நீலத்துக்குக் கோபால்ட் கார்பனேட் அரை கிராமிலிருந்து 1 கிராம் வரை போதும். அது பொல்லாத நிறம், கொஞ்சம் கூடினாலும் கறுப்படிக்கும். பச்சைக்குத் தாமிரக் கார்பனேட் 2 முதல் 3 கிராம். தேன் நிறத்துக்கு இரும்பு ஆக்சைடு 4 கிராம். கடையில் ரெடியாகக் கிடைக்கும் ஸ்டெயின் என்ற நிறத்தூள் என்றால் 6 முதல் 10 கிராம். இவை தொடங்கும் அளவுகள்தான். உங்கள் ஃப்ரிட்டுக்கு எது சரி என்று உங்கள் சோதனைத் துண்டுதான் சொல்லும். தண்ணீரில் கரைத்து, 80 மெஷ் சல்லடையில் இரண்டு முறை சலித்து, மோர்ப் பதத்துக்குக் கொஞ்சம் கெட்டியாக வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. மதுரையில் பல வீடுகளில் போர்த் தண்ணீர் உப்பு. அந்த உப்பு கிளேஸைத் திரிய வைக்கும். காலையில் மோர் போல இருந்தது மாலையில் தயிராகிவிடும். கேன் தண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள். பிசின் அல்லது சி.எம்.சி. என்ற செல்லுலோஸ் பசை சேர்த்தால் கிளேஸ் டைலில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் நம் வெயிலுக்கு இரண்டு நாளில் பிசின் அழுகி நாறும். ஒரு சொட்டுக் கிராம்பு எண்ணெய் விட்டுவைத்தால் ஒரு வாரம் தாங்கும்.

ஊற்ற எதை வைத்துக்கொள்வது? இதற்கென்று விற்கும் ரப்பர் குமிழ் நல்லது. கிடைக்கும்வரை மெடிக்கலில் ஊசியில்லாத சிரிஞ்ச் வாங்குங்கள். காலியான மருதாணிக் கோனும் உதவும். பாத்தியின் நடுவில் சொட்டி, கோட்டருகே பிரஷ் நுனியால் தள்ளிவிடுங்கள். உயரம் ஒரு மில்லிமீட்டருக்குக் கிட்டத்தட்ட வர வேண்டும். மெலிந்தால் டைலின் வெள்ளை தெரியும். தடித்தால் ஓடி, பக்கத்துப் பாத்தியில் கலக்கும். தினமும் வாசலில் கோலம் போடுகிறவர்களுக்கு இந்த வேலை சீக்கிரம் வசப்படும். என்னிடம் கற்றவர்களில் ஒரே வாரத்தில் கை படிந்த அக்கா ஒருவர் இருக்கிறார். அதற்கு முன் அவர் பிரஷே பிடித்ததில்லை. ஆனால் நாற்பது வருடம் புள்ளி வைத்தவர்.

பளபளப்பான கடை டைலின் மேலேயே இதைச் செய்யலாம். டைலை வெயிலில் வைத்துச் சூடாக்கிக்கொண்டால் கிளேஸ் வழுக்காமல் நிற்கும். ஒருமுறை மட்டும் சுட்ட, கிளேஸ் பூசாத டைல் கிடைத்தால் இன்னும் நல்லது. சில்லறைக் கடையில் அது கிடைக்காது, பீங்கான் பட்டறைகளில் சொல்லிவைத்து வாங்க வேண்டும். அது தண்ணீரை உறிஞ்சும். அக்கினி நட்சத்திர வெயிலில் பிரஷ் வைத்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். ஈரப் பஞ்சால் ஒருமுறை ஒற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

விளாச்சேரி, மானாமதுரை மண்ணில் நாமே டைல் செய்தால் என்ன என்று கேட்பார்கள். செய்யலாம், நானும் செய்தேன். ஆனால் அது தனிப் படிப்பு. மண் உலர்ந்து சுடும்போது பத்தில் ஒரு பங்குபோலச் சுருங்கும். தட்டையாகக் காயவைப்பதே ஒரு வித்தை, ஓரம் தூக்கிக்கொள்ளும். கடையில் வாங்கிய கிளேஸ் அந்தச் சிவப்பு மண்ணோடு ஒத்துப்போகாமல் சிலந்தி வலை போல விரியும். விளாச்சேரியில் பொம்மை செய்யும் பெரியவர் ஒருவர் என் வளைந்த டைல்ஸைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, காத்துப்படாம மெதுவாக் காயவைக்கணும், ரெண்டு பக்கமும் ஒண்ணாக் காயணும்" என்றார். அதை நான் சரியாகச் செய்யப் பழக ஒரு வருடம் ஆனது. முதல் இரண்டு வருடம் கடை டைலே போதும்.

சிவப்பு

இதற்கு மட்டும் தனியாக ஒரு தலைப்பு தேவை. நாயக்கர் கால ஓவியத்தின் உயிர் அந்தக் காவிச் சிவப்புப் பின்னணி. மதுரையில் உங்களிடம் யார் எதைக் கேட்டாலும் அதில் சிவப்பு இருக்கும்: குங்குமம், பட்டுப்புடவை, கோயில் மதில் பட்டை. கிளேஸில் வரவழைக்கக் கடினமான நிறமும் அதுவே. இரும்பு ஆக்சைடைக் கிளேஸில் கலந்து 1,040 டிகிரியில் சுட்டால் பழுப்புதான் கிடைக்கும். ஒன்றரை வருடம், எழுபதுக்கும் மேல் சோதனைத் துண்டுகள், எல்லாம் கருப்பட்டி நிறம்.

விடை என் நோட்டின் முதல் பக்கங்களிலேயே இருந்தது. ஆன்கிளேஸில் இரும்புச் சிவப்பு 780 டிகிரியில் அழகாக வருகிறது; அதைத் தாண்டி ஏற ஏறப் பழுப்பாகிறது. அப்படியானால் இரண்டு முறை சூளை வைத்துச் சுட்டால் ஆகிறது. முதலில் நீலம், பச்சை, வெள்ளை, மஞ்சள், கோடு எல்லாம் கிளேஸில் முடித்து 1,040 டிகிரியில் சுடுகிறேன். சிவப்பு வர வேண்டிய இடத்தில் வெள்ளைக் கிளேஸை விட்டுவைக்கிறேன். ஆறியதும் அந்த இடத்தில் ஆன்கிளேஸ் சிவப்பைப் பூசி 780-இல் சுடுகிறேன். பொன் வேண்டுமென்றால் அதற்கும் பிறகு, இன்னும் குறைந்த சூட்டில். அதிகச் சூடு கேட்கும் நிறம் முதலில், குறைந்த சூடு கேட்பது கடைசியில் என்ற வரிசை எப்போதும் மாறக் கூடாது. காட்மியம் சிவப்பைச் சிர்கோனியம் சிலிகேட் உறைக்குள் அடைத்து விற்கும் ஸ்டெயினும் உண்டு. அது அதிகச் சூட்டையும் தாங்கும், விலை கூடுதல். குங்குமச் சிவப்புக்கு அது நல்லது. காவிக்கு என் முறைதான் பொருந்துகிறது.

சூளை வாங்கும் நேரம்

வாடகைச் சூளையில் மாதம் மூன்று நான்கு முறை தொடர்ந்து சுடும் அளவுக்கு வேலை வந்தால் வாங்கலாம். உள்ளளவு பன்னிரண்டு அங்குலம் உள்ள மின்சூளை ஏறக்குறைய 4 கிலோவாட் இழுக்கும். 230 வோல்ட்டில் அது 17 ஆம்பியருக்கு மேல். வீட்டில் இருக்கும் 16 ஆம்பியர் பிளக்கில் செருகவே கூடாது. தனி வயர், தனி எம்.சி.பி., நல்ல எர்த் வேண்டும். மின்வாரிய அலுவலகத்தில் உங்கள் இணைப்பின் மின்பளுவையும், தொழிலுக்கு எந்தக் கட்டணப் பிரிவு என்பதையும் கேட்டுவிடுங்கள். வெப்பத்தை அளக்கும் கே வகை தெர்மோகப்பிளும், வெப்ப ஏற்றத்தைத் தானே கட்டுப்படுத்தும் பி.ஐ.டி. கன்ட்ரோலரும் இல்லாத சூளை மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

கிளேஸ் சூளைக்கு நான் வைக்கும் ஓட்டம்: 150 டிகிரி வரை மெதுவாக, அங்கே ஒரு மணி நேரம். பிறகு 600 வரை மணிக்கு 100 டிகிரி. அதற்குமேல் மணிக்கு 150 வைத்து 1,040. உச்சத்தில் பத்து நிமிடம். அப்புறம் அணைத்துவிட்டுத் தொடாமல் இருப்பது. ஆன்கிளேஸ் என்றால் 400 டிகிரி வரை மேல் துவாரம் திறந்திருக்க வேண்டும். எண்ணெய்ப் புகை வெளியே போகாவிட்டால் நிறம் மங்கும்.

ஆறும்போது 573 டிகிரியைக் கடக்கையில் டைலுக்குள் இருக்கும் குவார்ட்ஸ் சட்டென்று சுருங்கும். அந்த நேரத்தில் கதவைக் கொஞ்சம் திறந்தாலும் "டங்" என்று ஒரு சத்தம், முடிந்தது கதை. 100 டிகிரிக்குக் கீழ் வரும்வரை திறக்காதீர்கள். ஒருமுறை கிரகப்பிரவேச அவசரத்துக்காக 300-இல் திறந்து, பன்னிரண்டு டைலில் ஐந்தை இழந்தேன்.

மாதாந்திரப் பராமரிப்புக்காக உங்கள் பகுதியில் எந்த நாள் மின்தடை என்று பேப்பரில் பார்த்துவிட்டுச் சூளை வையுங்கள். 800 டிகிரியில் கரண்ட் போனால் அந்தச் சுடுதல் பாதியில் நிற்கும். மறுபடி முழுதாக ஓட்ட வேண்டிவரும்.

உடம்பு

சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் கண்டிப்பாக. கிளேஸ் தூளில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் தங்கினால் வெளியே வராது. தூள் கையாளும்போது என்-95 மாஸ்க் போடுங்கள். தரையைத் துடைப்பத்தால் கூட்டாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். ஈயம் கலந்த பழைய ஃப்ரிட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். விற்பவரிடம் பாதுகாப்புத் தாள் கேட்டு வாசியுங்கள். மாங்கனீசுப் புகையும் நல்லதல்ல, சூளை ஓடும் அறையில் உட்கார்ந்து வேலை செய்யாதீர்கள். சமையலறைக் கரண்டியும் டம்ளரும் பட்டறைக்குள் வந்தால் திரும்பிப் போகக் கூடாது. சாப்பாட்டுத் தட்டில் வரைந்து தரச் சொல்லிக் கேட்பார்கள். முறையாகப் பரிசோதிக்காத கிளேஸில் அதைச் செய்யாதீர்கள்.

வேலை எங்கிருந்து வரும், என்ன கேட்பது

முதல் வேலைகள் வீட்டுப் பெயர்ப்பலகையாகத்தான் வரும். நான்கு டைலில் வீட்டின் பெயர், ஓரத்தில் மல்லிகைக் கொடி. சின்ன வேலை என்று ஒதுக்காதீர்கள். வாசலில் இருப்பதால் தெருவே பார்க்கும். என் வேலைகளில் பாதி, ஒரு பெயர்ப்பலகையைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டதில் வந்தது. அடுத்தது பூஜையறை, துளசி மாடம், உணவகச் சுவர். சித்திரைத் திருவிழா, அழகர் குதிரை, தெப்பக்குளம், ஜல்லிக்கட்டுக் காளை என்று நம் ஊர்க் காட்சிகளைக் கேட்டு வருகிறவர்கள் உண்டு. கட்டட வடிவமைப்பாளர்களுக்குப் படத்தை மட்டும் அனுப்பாதீர்கள். ஆறு அங்குல மாதிரி டைல் இரண்டைக் கையில் கொடுங்கள், தடவிப் பார்க்கட்டும். மேல வெளி வீதியில் அரசின் கைவினைப் பொருள் கடையான பூம்புகார் இருக்கிறது. அங்கே என்னென்ன விற்கிறது என்று ஒருநாள் பார்த்து வாருங்கள். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இணையத்தில் இலவசம், யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

விலைக்கு நான் வைக்கும் கணக்கு: பொருள் செலவு, ஒவ்வொரு சூளைக்கும் ஆன மின்சாரம், உடையும் டைலுக்காக ஆறில் ஒரு பங்கு கூடுதல், அப்புறம் உங்கள் நாள்கள். அந்த நாள் கணக்கில் ஒரு நல்ல கொத்தனாரின் கூலியைவிடக் குறைவாக உங்களைப் போட்டுக்கொள்ளாதீர்கள். வடிவம் வரைந்து ஒப்புதல் வாங்கும் நாள்களும் வேலை நாள்களே. பாதிப் பணம் முன்பணமாக வாங்காமல் கிளேஸ் கலக்காதீர்கள். நிறம் திரையில் தெரிவது போலவே வராது என்பதை எழுதியே கொடுங்கள், கூடவே சுட்ட மாதிரித் துண்டையும்.

சுவருக்குப் போகும் முன்

இரண்டடிக்கு மூன்றடி அழகர் படம் என்று வையுங்கள். 150 மில்லிமீட்டர் டைல், அகலத்தில் நான்கு, உயரத்தில் ஆறு, மொத்தம் இருபத்துநான்கு. இடையில் 2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் முழு அளவு 606-க்கு 910 மில்லிமீட்டர். சுவரில் விடும் பள்ளத்தின் அளவை இதை வைத்துத்தான் சொல்ல வேண்டும். வரையும்போதே டைல் சந்து முகத்தின் நடுவே, முக்கியமாகக் கண்ணின் மேல் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். கோடு ஒரு டைலிலிருந்து அடுத்த டைலுக்குத் தாண்டும் இடத்தில் இடைவெளியையும் கணக்கில் வைத்து வரைந்தால்தான் ஒட்டிய பிறகு கோடு தொடர்ந்து ஓடும்.

ஒவ்வொரு டைலின் பின்னும் வரிசை எண்ணும், மேல்பக்கம் எது என்று ஓர் அம்புக்குறியும் போடுங்கள். முழு அளவுத் தாளில் அதே எண்களோடு வரைபடம் ஒன்றைக் கொத்தனாரிடம் கொடுங்கள். ஒரு வேலையில் நான் எண் மட்டும் போட்டு, அம்புக்குறி போடாமல் விட்டேன். நான் போய்ச் சேர்வதற்குள் அலைநீர் டைல் இரண்டு தலைகீழாக ஒட்டியிருந்தது. வைகைத் தண்ணீர் மேல்நோக்கி ஓடியது. கொத்தனார் அண்ணன் மேல் குற்றமில்லை. தண்ணீருக்கு மேல் எது கீழ் எது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அன்றிலிருந்து ஒட்டும் நாளில் நானே போய் நிற்கிறேன், முதல் வரிசையை நானே கையால் வைத்துக் காட்டுகிறேன்.

வெறும் சிமென்ட் பாலில் ஒட்ட விடாதீர்கள், டைல் பசை போடச் சொல்லுங்கள். வெயிலும் மழையும் படும் வெளிச்சுவர் என்றால் கட்டாயம். சந்தில் பூசும் கிரவுட் வெள்ளையாக இருந்தால் படம் கட்டம் கட்டமாகத் தெரியும். சாம்பலோ, படத்தின் பின்னணி நிறமோ நல்லது. ஆன்கிளேஸ் சிவப்பும் பொன்னும் இருக்கும் இடங்களில் கிரவுட்டைத் துடைக்கச் சொரசொரப்பான நார் கூடாது, ஈரப் பஞ்சு மட்டும். டாய்லெட் கழுவும் ஆசிட்டை அந்தச் சுவர்ப் பக்கமே கொண்டுபோக வேண்டாம் என்று வீட்டு அம்மாவிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்.

கிளம்பும் முன், ஓர டைல் ஒன்றும் பின்னணி டைல் ஒன்றும் உபரியாகச் சுட்டுவைத்ததைத் துணியில் சுற்றி அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். பின்னால் யாராவது ஆணி அடிப்பார்கள். உபரி டைலின் பின்பக்கத்தில் உங்கள் நோட்டின் பக்க எண் இருக்கட்டும்.